சாப்ட்பால் ஆடும் மகள்களின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பா, அம்மாக்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, வெயில் தொப்பி சகிதம் டாலஸ் சுற்றுவட்டார மைதானங்களுக்கு வந்துவிடுகிற உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். பத்து வருடம் நானும் அப்படி வந்தவள்தான். என் மகள் ஒன்பது வயதில் மட்டையைப் பிடித்தபோது அந்தப் பக்கம் நான் ஒருத்திதான் தமிழ் அம்மா. போன மாதம் பழைய ஞாபகத்தில் ஒரு டோர்னமென்ட் பார்க்கப் போயிருந்தேன். இரண்டாம் பேஸை நோக்கி ஓடிய ஒரு குட்டியைப் பார்த்து, "வேகமா ஓடு கண்ணு, திரும்பிப் பாக்காத!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு நான்கு குடும்பங்களோடு பேசினேன். நான்கு பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: "உங்க பொண்ணுக்கு எவ்வளவு ஸ்காலர்ஷிப் கிடைச்சுது?" அந்த அணியில் கோச் எத்தனை பேர், தோள் வலித்தபோது யார் பார்த்தார்கள், என்ன படிக்கப் போனாள், கடைசியில் என்ன படித்து முடித்தாள் என்று யாரும் கேட்கவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. 2020-ல் நாங்களும் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டோம். அதற்கு இன்றும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

என் மகள் பிட்சர், பேஸ்பாலின் தங்கையான இந்த ஆட்டத்தில் பந்து வீசுபவள். 2021 முதல் 2025 வரை ஒரு பல்கலைக்கழகத்தின் டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் மேல்நிலைப் பிரிவு) அணியில் நான்கு வருடம் ஆடினாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை, அது இங்கே தேவையும் இல்லை. அவள் கையெழுத்துப் போட்டது கோவிட் காலத்தில். 2020 மார்ச்சிலிருந்து 2021 மே முடியும்வரை கோச்சுகள் மாணவிகளை நேரில் சந்திக்கவே, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ தடை போட்டிருந்தது. எல்லாம் ஜூம் வழியாகத்தான் நடந்தது. கோச் திரையில் சிரித்தார், நாங்களும் சிரித்தோம், சரி என்று சொல்லிவிட்டோம். நேரில் போயிருந்தாலும் சரியான கேள்விகளைக் கேட்டிருப்போமா என்பது எனக்கே சந்தேகம்தான்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்டது அதைத்தானே. எங்களுக்குக் கிடைத்தது 40 சதவீதம். ஊரில் சொந்தக்காரர்கள் காதுக்கு அது "முழு ஸ்காலர்ஷிப்" என்று போய்ச் சேர்ந்தது. உண்மையில் அந்தக் காலத்தில் ஒரு டிவிஷன் ஒன் சாப்ட்பால் அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடியதே 12 முழு ஸ்காலர்ஷிப்தான். அந்தப் பன்னிரண்டை இருபது, இருபத்திரண்டு பேருக்குக் கோச் பிரித்துக் கொடுப்பார். பிட்சருக்குக் கொஞ்சம் கூட, பெஞ்சில் இருப்பவளுக்குப் புத்தகக் காசு மட்டும், சிலருக்கு ஒன்றுமே இல்லை. டிவிஷன் டூவில் இந்த எண்ணிக்கை 7.2. டிவிஷன் த்ரீயிலும் ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி பல்கலைக்கழகங்களிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

இப்போது கணக்கு மாறிவிட்டது. ஹவுஸ் வழக்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், கல்லூரி வீரர்கள் தங்களுக்கும் பணத்தில் பங்கு கேட்டு என்சிஏஏ மீது போட்டது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் அந்தச் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். ஜூலை 1 முதல், அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. சாப்ட்பாலுக்கு 25 பேர். இருபத்தைந்து பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம்.

"கொடுக்கலாம்" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதே சமரசத்தின்படி ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாக 2025-26-ல் 20.5 மில்லியன் டாலர்வரை பங்கு பிரித்துக் கொடுக்கலாம். அதில் பெரும்பகுதி அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. முன்பு ஆடியவர்களுக்குச் சேரவேண்டிய பழைய பாக்கியைப் பிரித்த சூத்திரத்தில் இவ்விரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 90 சதவீதம், பெண்கள் கூடைப்பந்துக்கு ஐந்து, மற்ற எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து மீதி ஐந்து. சாப்ட்பால் அந்தக் கடைசி ஐந்துக்குள் நிற்கிறது. புதிதாக வந்த செலவு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும் அல்லவா? ஒரு அணியின் உதவி கோச் பதவி நிரப்பப்படாமல் கிடக்கும், விமானத்தில் போன பயணம் பேருந்துக்கு மாறும், அணியில் ஆள் குறையும். இந்த நெருக்கடியில் உங்கள் மகளின் அணி எங்கே நிற்கிறது என்பதைத்தான் நீங்கள் முதலில் கேட்கவேண்டும். சதவீதத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நிஜாரி கனடி என்ற கல்லூரி பிட்சரின் பெயரைச் சொல்லி, "அந்தப் பெண் மில்லியன் டாலர் வாங்கவில்லையா?" என்று ஒரு அப்பா கேட்டார். வாங்கினார். 2024-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து டெக்ஸஸ் டெக்குக்கு மாறியபோது பத்து லட்சம் டாலருக்கு மேலான ஒப்பந்தம். பெருமையாகத்தான் இருக்கிறது, பெண் பிள்ளையின் கைவீச்சுக்கு அவ்வளவு விலை வருமென்று நம் காலத்தில் யார் நினைத்தோம்! ஆனால் அது ஒரே ஒரு கனடி. அவரை வைத்து நம் வீட்டுக் கணக்கைப் போடாதீர்கள்.

அடுத்து ஆட்கள். நான் அதிகம் வருத்தப்படுவது இதைப் பற்றித்தான்.

2023 கோடைவரை டிவிஷன் ஒன் சாப்ட்பாலில் சம்பளம் வாங்கும் கோச்சுகள் மூன்று பேர், கூடவே "தன்னார்வலர்" என்ற பெயரில் சம்பளமில்லாத ஒருவர். இதுதான் விதி. என் மகளின் முதல் இரண்டு வருடம் பிட்சர்களைப் பார்த்துக்கொண்டவர் அந்தச் சம்பளமில்லாத கோச். இருபத்தாறு வயதுப் பெண். பகல் முழுக்க அணியோடு இருந்துவிட்டு, சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்து வாடகை கட்டினார். என் மகளின் கையசைவில் இருந்த ஒரு கோளாறைக் கண்டுபிடித்தவர் அவர்தான். 2023 ஜூலையில் என்சிஏஏ அந்தத் தன்னார்வலர் முறையை எடுத்துவிட்டு, அந்த நான்காவது ஆளுக்கும் சம்பளம் கொடுக்க வழி திறந்தது. வழிதான் திறந்தது, அந்த அணியின் பட்ஜெட் திறக்கவில்லை. அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த இரண்டு வருடத்தில் பிட்சிங் கோச்சாக இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவர் மணிக்கட்டை ஒரு விதமாகத் திருப்பச் சொன்னார், இரண்டாமவர் அதை அப்படியே மாற்றினார்.

சாப்ட்பால் தெரியாதவர்கள், கையைக் கீழிருந்து வீசுவதால் தோளுக்குச் சுமை இல்லை என்று நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். 43 அடி தூரத்திலிருந்து, கையை முழு வட்டமாகச் சுழற்றி, ஒரு வார இறுதியில் நான்கு ஐந்து ஆட்டம். பேஸ்பாலில் ஒரு முதன்மை பிட்சர் வாரத்துக்கு ஒருமுறை இறங்குவார். சாப்ட்பாலில் நல்ல பிட்சர் என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவள்தான். எத்தனை பந்து வீசலாம் என்று எந்த வரம்பும் இல்லை. 2025 தேசிய இறுதிப் போட்டியில் கனடி எத்தனை நாள் தொடர்ந்து வீசிக்கொண்டிருந்தார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்றாவது ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸிலேயே எதிரணியான டெக்ஸஸ் பல்கலைக்கழகம் ஐந்து ரன் எடுத்தது, அத்தோடு அவர் வெளியே போனார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் டிவியை அணைத்துவிட்டாள்.

அவளுக்கும் மூன்றாம் வருடம் தோள் போனது. அங்கே அத்லெடிக் டிரெய்னர் என்று ஒருவர் இருப்பார். ஜிம்மில் எடை தூக்கச் சொல்லிக்கொடுப்பவர் இல்லை இவர். காயத்தைப் பரிசோதித்து, ஆடலாமா கூடாதா என்று சொல்லும் தகுதி பெற்ற மருத்துவப் பணியாளர். எங்கள் அணிக்கும் இன்னொரு அணிக்கும் சேர்த்து ஒரே ஆள்தான் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருக்க முடியாதே. வெளியூர் ஆட்டங்களில் பாதிக்கு அவர் வரவில்லை. அங்கே ஐஸ் கட்டிக்கொண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு ஆடினாள். "வலிக்குதாடி?" என்று போனில் கேட்டால், "எல்லாருக்கும்தாம்மா வலிக்குது" என்பாள். ஆறு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் தசைநார் கிழிந்திருந்தது தெரிந்தது.

இப்போது கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் டிவிஷன் ஒன் பல்கலைக்கழகங்கள், விளையாட்டால் வந்த காயத்துக்கு ஆடி முடித்தபின்னும் குறைந்தது இரண்டு வருடம் மருத்துவச் செலவைப் பார்க்கவேண்டும். நன்றாக ஆடவில்லை, காயம் பட்டுவிட்டது என்ற காரணத்துக்காக ஸ்காலர்ஷிப்பைக் குறைக்கவும் கூடாது. இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆள் வைத்து, பணம் போட்டு வளர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. பாட்டி காஸோ (Patty Gasso) என்ற கோச் 1994-95 வாக்கில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அணிக்குச் சொந்த மைதானம்கூட இல்லை. ஊர்ப் பூங்கா ஒன்றில் ஆடினார்கள். 2000-ல் முதல் தேசியப் பட்டம், 2021-லிருந்து 2024 வரை வரிசையாக நான்கு, மொத்தம் எட்டு. 2024-ல் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரக்கூடிய லவ்ஸ் ஃபீல்ட் என்ற சொந்த மைதானத்தைத் திறந்தார்கள். ஒரே தலைமைக் கோச், முப்பது வருடம். அந்த மாதிரி அணியில் வாய்ப்புக் கிடைக்கும் பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான், தெரியும். ஆனாலும் உங்கள் மகளைக் கூப்பிடும் அணியில் கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை கோச் மாறினார்கள் என்று அணியின் பழைய பட்டியல்களைப் பார்த்து எண்ணிவிடலாம். அரை மணி நேர வேலை. நாங்கள் செய்யவில்லை.

படிப்புக்கு வருகிறேன்.

என் மகள் நர்சிங் படிக்கப் போனாள். ஜூமில் கோச்சிடம் சொன்னோம், "அருமை!" என்றார். முதல் வருட முடிவில், விளையாட்டுத் துறையின் படிப்பு ஆலோசகர் கூப்பிட்டு, கிளினிக்கல் (மருத்துவமனையில் பழகும்) நேரமும் சாப்ட்பால் பயிற்சி நேரமும் மோதும், இந்த மேஜர் (முதன்மைப் பாடம்) சாப்ட்பாலோடு ஒத்துவராது என்றார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பொதுச் சுகாதாரம் எடுத்தால் எல்லாம் சுலபம் என்று காட்டினார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை, ஸ்காலர்ஷிப் போய்விடுமோ என்ற பயம், வீட்டில் கேட்காமலே மாற்றிக்கொண்டாள்.

மறுபடி திரும்பவும் முடியவில்லை. அதற்குக் காரணம் 40-60-80 என்கிற விதி. இரண்டாம் வருடம் முடியும்போது பட்டத்துக்குத் தேவையானதில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும், மூன்றாம் வருடம் 60, நான்காம் வருடம் 80. எந்தப் பட்டத்தில் பதிந்திருக்கிறாளோ அந்தப் பட்டத்துக்குச் செல்லும் பாடங்கள்தான் கணக்கில் சேரும். மூன்றாம் வருடம் நர்சிங்குக்கோ இன்ஜினியரிங்குக்கோ மாறினால் சதவீதம் சட்டென்று இறங்கும், ஆடும் தகுதி போகும். பிள்ளைகள் பட்டம் வாங்கவேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் எந்தப் பட்டம் என்பதை முதல் இரண்டு வருடத்திலேயே பூட்டிவிடுகிறது.

வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்று எல்லா கோச்சும் சொல்வார்கள். விதியும் அதுதான். அந்த இருபதை எப்படி எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். ஆட்டம் நடக்கிற நாள் எவ்வளவு நீண்டாலும் கணக்கில் மூன்று மணி நேரம். பயணம் கணக்கில் வராது. தோளுக்குச் சிகிச்சை எடுக்கும் நேரம் வராது. "விருப்பப்பட்டால் வா" என்று சொல்லும் பயிற்சியும் வராது, அதற்குப் போகாதவளுக்கு ஆட்டத்தில் இடமும் வராது. என்சிஏஏ தானே எடுக்கும் கணக்கெடுப்புகளில் மாணவிகள் சொல்வது வாரம் 30 மணிக்கு மேல். சீசன் பிப்ரவரியில் தொடங்கி மே வரை, 56 ஆட்டம் வரை. வடக்கே குளிர்ப் பிரதேசத்தில் இருக்கும் அணி என்றால் முதல் நான்கைந்து வாரம் முழுக்க ஃப்ளோரிடா, அரிசோனா என்று வெளியூரிலேயேதான்.

2024-ல் கான்ஃபரன்ஸ்கள் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகக் குழுக்கள்) மாறியபிறகு இது இன்னும் மோசம். கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரை கான்ஃபரன்ஸில் ஆடுகின்றன. லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ பெண்கள் நியூ ஜெர்சிக்கும் மேரிலாந்துக்கும் பறக்கிறார்கள். இதெல்லாம் ஃபுட்பால் டிவி ஒப்பந்தத்துக்காக எடுத்த முடிவு. திங்கட்கிழமை காலை மூன்று மணி நேர வித்தியாசத்தில் கண் திறந்து ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்காருவது சாப்ட்பால் பிள்ளை. ஸ்டான்ஃபோர்டிலும் யூசிஎல்ஏவிலும் வருடத்தை நான்கு பருவமாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை என்பதால், மே கடைசியில் ஓக்லஹோமா சிட்டியில் தேசியப் போட்டி நடக்கும்போது அங்கே வசந்தகாலப் பாடங்களே முடிந்திருக்காது. பேராசிரியர்களின் தயவில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பிள்ளைகள் படிப்பில் நிலைக்கிறார்களா என்று காட்டும் அணியின் ஏபிஆர் மதிப்பெண்ணை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆயிரத்துக்கு இத்தனை என்று போட்டிருப்பார்கள். நான்கு வருடச் சராசரி 930-க்குக் கீழே போனால் அணி தேசியப் போட்டிக்குப் போகமுடியாது. சாப்ட்பால் அணிகள் பொதுவாக நல்ல மதிப்பெண்தான் வாங்கும், என் மகளின் அணியும் வாங்கியது. அதில் அவள் ஒரு வெற்றிக் கணக்கு. ஆடும் தகுதியோடு இருந்தாள், கல்லூரியை விட்டுப் போகவில்லை, பட்டமும் வாங்கினாள். நர்ஸாகப் போனவள் நர்ஸாக வெளியே வரவில்லை என்பதைச் சொல்ல அந்தத் தாளில் இடமில்லை. ஆகவே ஏபிஆரைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். கடந்த நான்கு வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் என்ன படிக்கவேண்டும் என்று வந்தார்கள், எதில் முடித்தார்கள் என்று கேளுங்கள். கோச்சிடம் கேட்பதைவிட மூன்றாம், நான்காம் வருட மாணவிகளிடம் கேட்டால் உண்மை வரும்.

இப்போது அவள் நர்சிங் படிக்கிறாள். பட்டம் இருப்பவர்களுக்கான துரித வகுப்பில், இரண்டாவது பட்டமாக. நான்கு வருடத்தில் அந்த 40 சதவீதம் மிச்சப்படுத்திய பணம் இந்தப் படிப்பில் அப்படியே போய்விட்டது, போதாமல் கடனும் வாங்கியிருக்கிறோம்.

நம் ஆட்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை எத்தனையாவது இடம் என்று துருவித் துருவிப் பார்க்கிற நாம், கோச் முன்னால் வாயைத் திறப்பதில்லை. வாய்ப்பு கொடுக்கிறார், கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம். நமக்குக் கேட்க உரிமை இருக்கிறது, சட்டப்படியே இருக்கிறது. 1994-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, அரசு நிதி வாங்கும் ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆண், பெண் அணிகளின் செலவையும், எத்தனை கோச் முழுநேரம், எத்தனை பேர் பகுதிநேரம் என்பதையும் வருடந்தோறும் வெளியிட்டாக வேண்டும். கல்வித் துறையின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சாப்ட்பால் வரிசையையும் பேஸ்பால் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வரவு நெடுவரிசையை மட்டும் அப்படியே நம்பவேண்டாம், பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்தப் பணத்தை வரவில் எழுதி இரண்டையும் சமன் செய்து காட்டும். செலவைப் பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் கோச்சின் ஒப்பந்தத்தையே கேட்டு வாங்கலாம்.

இந்த உரிமை சும்மா வந்ததில்லை. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1972 ஜூன் 23 அன்று கையெழுத்தான டைட்டில் நைன் சட்டத்தின் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர் ஹவாயைச் சேர்ந்த பேட்ஸி மிங்க். ஜப்பானியக் குடியேறிகளின் பேத்தி. டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டு, பெண் என்பதால் மருத்துவக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பப்பட்டவர். 2002-ல் அவர் இறந்தபின் அந்தச் சட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். என் மகள் நர்சிங்கை விட்ட கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வரும். சட்டத்தைக் கொண்டுவந்தவர் எந்தக் கதவில் நின்று திரும்பினாரோ, அதற்குப் பக்கத்துக் கதவிலிருந்தே நம் பெண் திரும்பி வந்தாள்.

ஆடவிடாதீர்கள் என்று சொல்கிறேன் என நினைக்கவேண்டாம். இரண்டு அவுட், மூன்றாம் பேஸில் ஆள், அரங்கமே எழுந்து நிற்கிறது, என் பெண் மூச்சை இழுத்து விட்டுவிட்டுக் கையைச் சுழற்றுகிறாள். அந்தக் காட்சிக்கு ஈடாக என் வாழ்க்கையில் எதுவும் இல்லை. அவளுடைய அணித் தோழிகள் இன்றும் வாரம் ஒருமுறை கூப்பிடுகிறார்கள், இருவர் போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அவளைக் கேட்டால் மறுபடியும் ஆடுவேன் என்றுதான் சொல்வாள். வேறு இடத்தில் ஆடியிருப்பாள், அவ்வளவுதான்.

பதினோராம் வகுப்பு தொடங்கும் வருடம் செப்டம்பர் 1-ம் தேதிதான் கோச்சுகள் உங்கள் பிள்ளையை முதன்முதலாகத் தொடர்புகொள்ளலாம். ஆகஸ்ட் 31 நள்ளிரவு தாண்டியதும் போன் அடிக்கத் தொடங்கிவிடும். அதற்கு முந்தின வாரமே கேள்விகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிட்சிங் கோச்சுக்கு முழுச் சம்பளமா? டிரெய்னர் வெளியூருக்கும் வருவாரா? என் மகள் விரும்பும் மேஜரில் இப்போது அணியில் யார் படிக்கிறார்கள், அவளோடு நாங்கள் பேசலாமா? இருபத்தைந்து பேரில் எத்தனை பேருக்கு முழு ஸ்காலர்ஷிப்? பதில் எதுவானாலும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

என் மகளுக்கு ஞாயிறு சாயங்காலம் மட்டும் கிளினிக்கல் கிடையாது. சாப்ட்பால் ஆடும் உங்கள் பிள்ளைகளோடு பேசுவதற்கு அந்த இரண்டு மணி நேரத்தை ஒதுக்கித் தருகிறேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். மைதானத்தில் என்னைப் பார்த்தால் கேளுங்கள், நம்பர் தருகிறேன். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் மட்டும் பேசட்டும் என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை.

அன்புடன்,
ஒரு பிட்சரின் அம்மா